காரை இருந்த ஊரில்: எந்த மரத்துக்கு எந்த இடம்?

காரைக்குடிக்குப் பெயர் கொடுத்தது காரை என்ற முட்செடி என்பார்கள். மஞ்சளாகப் பழுக்கும், ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பறித்துத் தின்னும் பழம். இன்று ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுவது சீமைக்கருவேல். ஊரின் பெயர் ஒரு செடியிடம், நிலம் இன்னொன்றிடம் என்று ஆகிவிட்டது.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு மரத்தைத் தள்ளிவிட என்னால் முடியாது. நம் குழம்புக்குப் புளி தரும் மரமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அதனால் ஒவ்வொரு மரத்திடமும் நான் கேட்பது ஒன்றே: உன் அடியிலும் கிளையிலும் யாரை வாழவிடுகிறாய்?

கண்மாயில்: சீமைக்கருவேல் – நாட்டுக்கருவேல்

இரண்டும் முள்மரம், இரண்டும் வறட்சியைத் தாங்கும், இரண்டின் காயையும் ஆடு தின்னும். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

சீமைக்கருவேல் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தது. 1870களில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பின்னாளில் பரவலாக விதைக்கப்பட்டது. அதன் இனிப்பான காயைத் தின்ற ஆடு மாடுகள் சாணத்தோடு விதையைப் போகுமிடமெல்லாம் போட்டன. மேலே வெட்டினால் அடியில் நாலாகத் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுத்தால்தான் போகும். அடர்ந்து நின்றால் அடியில் புல் பிடிப்பது அரிது.

இருந்தாலும் அதற்குச் சேர வேண்டிய நன்றியை மறைக்கக் கூடாது. மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இதன் விறகில்தான். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரே வீச்சில் அழிக்கச் சொல்பவர்கள் அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாட்டுக்கருவேல் வேறு குணம். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வரும் வேல் இதுதான். ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உழைத்த கட்டை. மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நின்றாலும் சாகாது. கண்மாய்க்கு இதைவிடப் பொருத்தமான மரம் எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போங்கள். 1977-ல் சரணாலயமான அந்தக் கண்மாய்களில், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. அவை மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீடுகளில் அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

என் தேர்வு நாட்டுக்கருவேல். ஆனால் சீமைக்கருவேலிலும் சில பறவைகள் கூடு கட்டத்தான் செய்கின்றன. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் ஜேசிபியை இறக்கக் கூடாது. ஒரு பக்கம் தூரெடுத்து, அங்கே நாட்டு மரம் தழைத்த பிறகு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். தூரெடுத்த நிலத்தைச் சும்மா விட்டால், அடுத்த மழைக்கே மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைத்துவிடும்.

தெருவில்: கோனோகார்பஸ் – புங்கை

கோனோகார்பஸ் மளமளவென்று வளரும், வருடம் முழுக்கப் பச்சை, வெட்டிய வடிவில் நிற்கும். புது மனைப்பிரிவுகளில் வரிசையாக நட்டதற்குக் காரணம் அதுதான். அதன் வேர் குழாய்களைத் தேடிப் போகிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்ற புகார்களும் உண்டு. 2025-ல் தமிழக அரசு இதை நடுவதற்கே தடை விதித்தது.

புங்கை முதல் இரண்டு மூன்று வருடம் பொறுமையைச் சோதிக்கும். கூண்டு வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம் பாருங்கள். பழைய இலையைக் கொட்டிவிட்டு, கத்திரி வெயில் தொடங்குவதற்குள் புதுத்தளிர் போட்டு நிழலை விரித்துவிடும். பூவில் தேனீ, கொட்டையில் விளக்கெண்ணெய்க்கு ஈடாக எரியும் எண்ணெய், தழை வயலுக்கு உரம். தினமும் வாசலைக் கூட்ட வேண்டியிருக்கும், உண்மைதான். அந்த நிழலுக்கு அது பெரிய கூலி இல்லை.

கடற்கரையில்: சவுக்கு – அடம்பு

தொண்டிப் பக்கம் போனால் கணக்கு மாறுகிறது. சவுக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதுதான். ஆனால் கடற்காற்றைத் தடுக்கிறது, கம்பு விற்றால் காசு வருகிறது. அதன் குறை, உதிர்ந்த ஊசிச் சருகு மெத்தையாகப் படிந்து அடியில் வேறு செடியை எழவிடாதது. அலைக்கு நேர் எதிரில் மணலைப் பிடித்து வைப்பதற்கு, ஊதாப் பூப் பூத்துத் தரையோடு படரும் அடம்புக் கொடிதான் சரியான ஆள். காரங்காடு போலச் சேறு இருக்கும் இடம் அலையாத்திக்குச் சொந்தம். அங்கே சவுக்குக் கன்றைக் கொண்டுபோகவே வேண்டாம். சவுக்கு வேண்டுமென்றால் மணல் மேட்டுக்குப் பின்னால், பட்டா நிலத்தில் வைத்துக்கொள்ளலாம்.