மேல் கடைவாய்க்கு சைனஸ் லிப்ட், இம்ப்ளான்ட்: ஐந்து வருட அனுபவம்

மேல்தாடையில் வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் போய், வெகுகாலம் இடது பக்கத்திலேயே மென்றுகொண்டிருந்தேன். தாடை எலும்பில் திருகைப் பதித்து, அதன் மேல் செயற்கைப் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் வைத்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பணமும் பொறுமையும் நிறையக் கேட்டது, ஆனாலும் மறுபடி செய்யச் சொன்னால் செய்வேன்.

மேல் கடைவாய் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பல் வேருக்கு நேர் மேலே சைனஸ் எனும் காற்றறை இருக்கிறது. பல்லை எடுத்த பிறகு கீழிருந்து எலும்பு கரையும், மேலிருந்து சைனஸ் இறங்கி வரும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் எனக்கு மிஞ்சியிருந்த எலும்பின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். வைக்க வேண்டிய திருகோ 10 மில்லிமீட்டர். ஓரளவு எலும்பு மிஞ்சியவர்களுக்குக் கீழிருந்தே சைனஸின் அடியை லேசாகத் தூக்கி, பல நேரம் அன்றைக்கே திருகையும் வைத்துவிடுவார்கள். எனக்கு அது சரிவராது என்றார் மருத்துவர்.

எனவே ஈறை விலக்கி, பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, சைனஸின் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் எலும்புத் தூளை நிரப்பினார்கள். இதுதான் சைனஸ் லிப்ட். மரத்துப்போகும் ஊசிதான். வலி இல்லை, அழுத்தமும் அதிர்வும் நன்றாகவே தெரிந்தன. எனக்கு வைத்த தூள் மாட்டு எலும்பைப் பதப்படுத்திச் செய்தது. அது வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், செயற்கைத் தூளும் உண்டு.

அடுத்த சில நாள் கண்ணுக்குக் கீழே வரை வீக்கம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், ஸ்ட்ரா கூடாது. சளி பிடிக்கும் பருவத்தில் இதைச் செய்துகொள்ளாதீர்கள். அப்புறம் எலும்பு உருவாக அரை வருடத்துக்கு மேல் காத்திருப்பு. திருகு வைத்து, அது எலும்போடு பிணைய மறுபடி சில மாதம். பிறகுதான் கேப், அதாவது மேலே தெரியும் செயற்கைப் பல். இந்த அளவு எலும்பு குறைந்தவரிடம் ஸ்கேனே எடுக்காமல் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

இப்போது முறுக்கு, வேர்க்கடலை எல்லாம் தாராளமாக மெல்கிறேன். ஆனால் சொந்தப் பல்லின் உணர்வு இதில் இல்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் இயற்கையாக இருக்கும் நார்த்திசு இங்கே கிடையாது, அதனால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது சரியாகப் புரிவதில்லை. கேப்பைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு ஒருமுறை தளர்ந்தது, முறுக்கிச் சரிசெய்தார்கள்.

தினசரித் தொல்லை என்றால் இடுக்குதான். கீரையும் ஆட்டுக்கறி நாரும் இம்ப்ளான்ட்டுக்கும் அதற்கு முன்னால் உள்ள பல்லுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்கின்றன. இரவில் இடுக்கு பிரஷ் போடாமல் நான் படுப்பதில்லை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு அழற்சி வந்தால் பெரும்பாலும் வலிக்காது, உள்ளே எலும்பு கரைந்துகொண்டே போகும். அதனால் ஈறில் ரத்தம் கசிந்தால் உடனே காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகும், புகைப்பவர்கள் அதை நிறுத்திய பிறகும் இதைத் தொடங்குவது நல்லது.

செலவு கேட்கும்போது ஸ்கேன், எலும்புத் தூள், திருகு, கேப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். திருகின் கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரில் கேப்பின் திருகு தளர்ந்தால் அங்குள்ள மருத்துவருக்கு அந்த விவரம் தேவைப்படும்.