அம்மா கையில் ரிமோட்: பிளெக்ஸா, ஜெல்லிஃபினா?

ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் படங்களையும் கல்யாண வீடியோக்களையும் வீட்டு டிவியில் ஓட்ட பிளெக்ஸ், எம்பி (Emby), ஜெல்லிஃபின் என்று மூன்று சர்வர் மென்பொருள்கள் உண்டு. மூன்றுமே போஸ்டர் காட்டும், பாதியில் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. தினமும் ரிமோட்டைப் பிடிக்கப்போவது அம்மாவும் தாத்தாவும். அதனால் ஆப்பைத் திறந்ததும் அவர்கள் கண்ணில் என்ன படுகிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

பிளெக்ஸில் முதலில் படுவது பிளெக்ஸின் சரக்கு. விளம்பரத்தோடு வரும் இலவசப் படங்களுக்கு நடுவே நம் லைப்ரரி ஒரு மூலையில் இருக்கும். கணக்கு அமைப்பில் ‘ஆன்லைன் மீடியா சோர்சஸ்’ பகுதிக்குப் போய் இதையெல்லாம் அணைத்துவிடலாம். அணைக்காமல் கொடுத்தால், “நம்ம படமெல்லாம் எங்கடா?” என்று போன் வரும்.

ஜெல்லிஃபினில் இந்தத் தொல்லையே இல்லை. நாம் போட்டது மட்டும்தான் தெரியும். லாகின் திரையில் ஆளுக்கொரு போட்டோ வைக்கலாம். அம்மா தன் முகத்தை அழுத்தினால் போதும். (பயனர் அமைப்பில், லாகின் திரையில் மறைக்கும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.) எம்பி தன் மூல நிரலை (சோர்ஸ் கோடை) வெளியார் பார்க்க முடியாதபடி மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது. காசு கிடையாது, இணையத்தில் கணக்கு தொடங்கவும் வேண்டாம். ஃபைபர் கேபிள் அறுந்த நாளிலும் வீட்டுக்குள் படம் ஓடும். பழைய டிவிக்கு ஏற்றபடி வீடியோவை ஹார்டுவேர் உதவியோடு மாற்றித் தரும் வசதிக்கு மற்ற இரண்டும் சந்தா கேட்கின்றன; இங்கே அதுவும் இலவசம்.

எம்பி நடுவில் நிற்கிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் காசு கொடுப்பதென்றால் நான் பிளெக்ஸுக்கே கொடுப்பேன்.

காரணம், வெளியூர்ச் சொந்தம். நம்மூர் பிராட்பேண்டில் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபிதான் (இணைய முகவரி). ரூட்டரில் போர்ட் என்ற வாசலைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஜெல்லிஃபினை அக்கா வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு வீட்டையும் ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு ஆப்பை அங்கேயும் போட வேண்டும். அது அணைந்து கிடந்தால் மாமாவுக்கு போனிலேயே வகுப்பெடுக்க வேண்டியதுதான். பிளெக்ஸில் லாகின் செய்தால் முடிந்தது. நேர்வழி கிடைக்காவிட்டால் அதன் ரிலே (இடையில் நிற்கும் பிளெக்ஸ் சர்வர்) வழியாக வரும்; அதிகபட்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் என்பதால் படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். 2025 ஏப்ரல் முதல் இப்படி வெளியிலிருந்து பார்ப்பதும் கட்டணச் சேவை. ஆயுள் சந்தாவும் அப்போது 119.99 டாலரிலிருந்து 249.99 டாலருக்குத் தாவியது. ஒரு வீட்டோடு முடிகிற விஷயத்துக்கு இவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வராது.

எதைப் போட்டாலும் ஃபைல் பெயரில் வருடம் சேருங்கள். வெறும் ‘பில்லா’ என்றிருந்தால் 1980 ரஜினி படத்துக்கு 2007 அஜித் போஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். கல்யாண வீடியோக்களை ஹோம் வீடியோ வகையில் தனி லைப்ரரியாகப் போடுங்கள். இல்லையென்றால் சித்தி கல்யாணத்துக்கு ஏதாவது ஹாலிவுட் போஸ்டர் வந்து உட்காரும்.