முன்பணக் கவரா, மாதிரி காட்டி விற்பதா? பள்ளி அணிப் படங்களுக்கான ஓர் ஒப்பீடு

பள்ளி விளையாட்டு அணிகளைக் குழுவாகவும், ஒவ்வொரு மாணவரையும் தனியாகவும் படமெடுத்து விற்கும் தொழிலில், கேமராவைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு எடுப்பதா, எடுத்த படத்தைக் காட்டிவிட்டுப் பணம் வாங்குவதா? கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கி, கபடி, வாலிபால் அணிகளை இரண்டு முறைகளிலும் எடுத்திருக்கிறேன். பள்ளியே மொத்தத் தொகையைத் தந்துவிடும் மூன்றாவது வழியும் இருக்கிறது. ஆனால் அது அமைவது அரிது, அமைந்தாலும் பில் பாஸாகி வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முன்பண முறையில், படமெடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே உடற்கல்வி ஆசிரியர் மூலம் மாணவர்களிடம் கவர் கொடுத்துவிடுவோம். பெயர், வகுப்பு, பிரிவு, அணி, வேண்டிய அளவு, பெற்றோரின் கையெழுத்து ஆகியவற்றுக்கு மேல்பக்கத்தில் இடம் இருக்கும். பணம் உள்ளே வரும், அல்லது ஜிபேயில் அனுப்பிய விவரம் எழுதப்பட்டு வரும். அன்று காலை ஒவ்வொரு மாணவரும் அந்தக் கவரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி முதல் ஷாட்டுக்கும், கவர் இல்லாமல் அடுத்த மூன்று ஷாட்டுகளுக்கும் நிற்பார். ஒரே ஜெர்ஸியில், ஒரே மாதிரி முடிவெட்டோடு நிற்கும் அறுபது முகங்களை மாலையில் கணினியில் பிரிக்கும்போது, அந்த முதல் ஷாட்தான் நம்மைக் காப்பாற்றும்.

மாதிரி காட்டும் முறையில் கவருக்குப் பதிலாக கியூஆர் அட்டை. படங்களை இணையக் கேலரியில் ஏற்றிவிட்டால் பெற்றோர் அட்டையை ஸ்கேன் செய்து தம் பிள்ளையின் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்யலாம். இதன் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தன் மகள் ஹாக்கி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராகப் பார்க்கும் படத்தைக் கண்ட தாய், மேக்ஸி என்ற சிறிய அளவு போதும் என்று நினைத்திருந்தாலும் 8x12 அங்குலம் கேட்பார். கவரில் டிக் அடிக்கும்போது வராத ஆசை, முகத்தைப் பார்த்ததும் வருகிறது. ஆனால் ஆர்டர்கள் மூன்று வாரங்களுக்குச் சிதறி வரும். ஒருவருக்காகப் பிரிண்ட் போடும் லேபுக்கு ஒரு நடை, இன்னொருவருக்காகப் பள்ளிக்கு ஒரு நடை என்று லாபம் பெட்ரோலில் கரையும். மாதிரிப் படத்தின் குறுக்கே ஸ்டுடியோ பெயர் இருந்தாலும் அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, அதோடு நிறைவடைந்துவிடுகிறவர்களும் பலர்.

கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம். நான்கு அணிகளில் 60 மாணவர்கள். அவர்களில் 40 பேர் 150 ரூபாய் வீதம் கவர் கொடுத்தால், பிளாஷ் எரிவதற்கு முன்பே 6,000 ரூபாய் கையில் இருக்கும். பிரிண்ட் 40 பேருக்கு மட்டும், லேபுக்கு ஒரே நடை, பள்ளிக்கும் ஒரே நடை. இதே 40 பேர் மாதிரி பார்த்து வாங்கினால் தலைக்கு 200 ரூபாய்கூடச் செலவழிக்கலாம். அந்த 2,000 ரூபாய் வித்தியாசத்துக்கு மூன்று வாரம் உழைக்க வேண்டியிருக்கிறது.

முன்பணத்தில் பாரம் வேறு விதமானது. பணம் வாங்கிய பிறகு எந்தத் தவறுக்கும் நாமே பொறுப்பு. ஒரு ஹாக்கி அணிக்கு, இரு வரிசையில் எட்டு எட்டுப் பேராக நிறுத்தி, கேமராவின் சட்டம் முழுதும் நிறையும்படி எடுத்தேன். கவர்களில் நான் அச்சிட்டிருந்த அளவு 10x12. கேமரா படத்தின் விகிதம் 3:2 என்பதால், 8x12, 12x18 அளவுகளில் வெட்டு விழாது. 10x12-இல் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதாவது, ஒவ்வொரு ஓரத்திலும் ஏறத்தாழ ஓர் ஆள். காலில் பேடோடு வெயிலில் பொறுமையாக நின்ற கோல்கீப்பரின் பாதி உடல் பிரிண்டில் இல்லை. அத்தனை படங்களையும் 8x12-ஆக என் செலவில் மறுபடி போட்டு, அளவு குறைந்ததற்கான தொகையையும் திருப்பிக் கொடுத்தேன். மாதிரி காட்டியிருந்தால் அது பிரிண்டுக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும். கவர் முறையை எடுப்பவர்கள் அளவை முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்கேற்ற இடத்தை இருபுறமும் விட்டே எடுக்க வேண்டும்.

அதைவிட என் மனத்தை உறுத்துவது கவர் கொண்டுவராத மாணவனின் நிலை. ஒரு பள்ளியில் கபடி அணியைப் பன்னிரண்டு பேராக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது, “காசு தராதவங்க ஓரமா நில்லுங்க” என்று குரல் வந்தது. குறுவட்டப் போட்டியில் ஆடிய ஒரு பையன் ஜெர்ஸியின் நுனியை இழுத்துவிட்டபடி வேப்பமரத்தடிக்கு நகர்ந்தான். அவனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திய பிறகே எடுத்தேன். முறை எதுவானாலும் அணியில் இருக்கும் அத்தனை பேரையும் குழுவாகவும் தனியாகவும் எடுத்துவிட வேண்டும். கூடுதலாகச் செலவாவது நான்கு ஷாட்டுகள்தான். பணம் கட்டுவது பிரிண்டுக்கான நிபந்தனையாக இருக்கலாம், வரிசையில் நிற்பதற்கான நிபந்தனையாக இருக்கக் கூடாது.

பிள்ளைகளின் படம் யார் கைக்குப் போகிறது என்பதிலும் இரண்டு முறைகளும் சமமல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. கவரில் கையெழுத்துக்கு இடம் இருப்பதால் கேட்பது எளிது. கேலரியின் பொது இணைப்போ ஒருவர் பகிர்ந்தால் ஊர் முழுதும் போய்விடும். ஆகவே கேலரி வைப்பவர்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு கடவுச்சொல் என்று பிரித்து வைப்பது குறைந்தபட்சக் கடமை.

என் தேர்வு முன்பணம்தான், அதுவும் குழுப்படத்தோடு ஒரு தனிப்படம் சேர்ந்த ஒரே பாக்கெட்டுக்கு மட்டும். குழுப்படத்தில் பார்த்துத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. தன் பிள்ளை அதில் இருந்தால் போதும், வாங்குவார்கள். தனிப்படத்தில்தான் பார்ப்பதற்கு மதிப்பு உண்டு என்பதால், மீதமுள்ள இரண்டு தனிப்படங்களைச் சிறிதாக அச்சிட்ட மாதிரி அட்டை ஒன்றையும் பாக்கெட்டுக்குள் வைத்து, பெரிய அளவு வேண்டுவோர் பத்து நாளுக்குள் சொல்லலாம் என்று பின்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். கவர் தராத பிள்ளைகளின் வீட்டுக்கும் அதே அட்டை போகிறது.