கயிறா, வான்படமா, கருவியா? உதவிப் பணத்தில் வயல் அளந்த கதை

ஒரு நாட்டின் விளைநிலம் முழுவதையும் வெளிநாட்டு உதவிப் பணத்தில் அளந்து, யாருக்கு எது சொந்தம் என்று சான்று கொடுக்க வேண்டும். எப்படி அளப்பது?

டோட்டல் ஸ்டேஷனும் (தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) துல்லிய ஜி.பி.எஸ்.ஸும் கொண்டு எல்லைக்கல் நடுவதுதான் சர்வேயர்கள் விரும்பும் வழி. சென்டிமீட்டர் கணக்கில் பிசகாது. நகரத்து மனைக்கும் சாலைக்காகக் கையகப்படுத்தும் நிலத்துக்கும் இதுவே சரி. ஆனால் மலைச்சரிவில் பீன்ஸ் விளையும் கால் ஏக்கருக்கு இவ்வளவு எதற்கு? அவ்வளவு சர்வேயர்களுக்கு எங்கே போவது?

எத்தியோப்பியா இதற்கு நேர் எதிராகத் தொடங்கியது. 1998இல் டிக்ரே பகுதியில் கயிறும் நாடாவுமே கருவி. அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அளந்து பதிவேட்டில் எழுதினார்கள். ஒரு நிலத்துண்டுக்குச் சுமார் 1 டாலர்தான் செலவு. மலிவு, வேகம், ஊருக்கும் புரியும். வரைபடம்தான் இல்லை. வடக்கே இன்னார், தெற்கே இன்னார் என்று எழுதி வைத்தால், அந்த இன்னார் இறந்து நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்ததும் எல்லையைத் தேட வேண்டியதுதான். பிற்பாடு பிரிட்டன் உதவியோடு படம் வைத்து இரண்டாம் சுற்று அளக்க நேர்ந்தது.

ருவாண்டா நடுவழியைப் பிடித்தது. வானிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு வயலுக்கே கொண்டுபோனார்கள். சில நாள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், நிலத்துக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் காட்டிய வரப்பைப் படத்தின் மேலேயே கோடாக இழுத்தார்கள். மேகம் மறைத்த இடங்களுக்குச் செயற்கைக்கோள் படம். 2009 முதல் 2013க்குள் சுமார் 1 கோடி துண்டுகள். துண்டுக்கு 6, 7 டாலர். பணத்தில் பெரும்பங்கு பிரிட்டன் கொடுத்தது. கோடு ஓரிரு மீட்டர் தள்ளியிருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரர் நின்று ஒப்புக்கொண்ட கோடு என்பதால் அது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை.

தகராறு கோட்டில் இல்லை, பெயரில் இருந்தது. ருவாண்டாவில் முதலில் சோதனையாக அளந்த சுற்றை ஆராய்ந்தபோது, சட்டப்படி மணந்த பெண்களின் உரிமை வலுப்பட்டிருந்தது. திருமணத்தைப் பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்கள் பின்தங்கியிருந்தார்கள். எந்தக் கருவியும் இதை அளக்காது.

வயல்களுக்கு என் ஓட்டு வான்படத்துக்கே. அப்புறம், அளந்ததோடு வேலை முடியாது. ருவாண்டாவில் நிலம் கைமாறினால் சுமார் 30,000 ஃபிராங்க் பதிவுக் கட்டணம் இருந்தது. சின்னத் துண்டை விற்றவர்கள் பலர் தங்களுக்குள்ளேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவேட்டில் இன்னும் பழைய பெயர்தான்.