பட்டிப்பொல விடுதியின் காலைப் பறவை நடை: ஒரே வேலிக்கம்புக்கு முன்னால் ஒரு மணி நேரம்

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்த கையோடு இறங்கிவிடுவார்கள். பட்டிப்பொல பக்கம் நாங்கள் தங்கிய விடுதியில் பறவை பார்க்கவென்றே ஒரு காலை நடை இருக்கிறது. காட்டுக்குள் இல்லை, பத்தனை என்கிற மலைப் புல்வெளியும் மாட்டுப் பட்டி வேலியோரமும்தான், இதற்கா ஆளுக்கு 2,500 ரூபாய் என்று எனக்கும் முதலில் தயக்கம்.

கூட்டிப்போன அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆறரை மணி, புல்லெல்லாம் பனி, ஒரு வேலிக்கம்பைக் காட்டி "இங்கயே உட்காருங்க அக்கா, அது வரும்" என்றார். வந்தது கருப்புவெள்ளைப் புதர்ச்சிட்டு, ஆண். 13 சென்டிமீட்டர்தான் இருக்கும், உடம்பு பெரும்பாலும் கரி, இறக்கையில் ஒரு வெள்ளைக் கீற்று, அடிமுதுகிலும் வாலுக்கு அடியிலும் வெள்ளை. கம்பின் உச்சியில் நின்று தரையையே பார்த்தது, வாலை ஒரு வெட்டு வெட்டியது, சட்டென்று புல்லில் இறங்கி ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு திரும்ப அதே கம்புக்கே வந்தது. புழுவைக் கம்பில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியதுகூடத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி நெட்டைக்காலி என்கிற இன்னொரு சின்னப் பறவை நடந்து நடந்தே பூச்சி பொறுக்கியது. ஒரே புல்வெளி, சாப்பிடுகிற விதம் வேறு.

நிற்க உயரமாக ஒரு கம்போ புதரோ, கீழே பூச்சி கண்ணில் படுகிற மாதிரி குட்டைப் புல், இவை இரண்டும் இருந்தால் இது அங்கே இருக்கும் என்றார் அண்ணன். மண்மேட்டுப் பொந்திலும் கல்சுவர் இடுக்கிலும் கூடு கட்டுமாம். இலங்கையில் இது மலைநாட்டுப் பறவை. சின்ன வயதில் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) மேலே தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் இதையேதான் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமலே. கவ்வாத்து வெட்டினால் தரை தெரியுமே, அதற்குத்தான் வந்திருக்கும் போல! அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை என்றால், அவர்கள் தந்த பைனாகுலர் ஒன்றில் கண்ணாடி உள்ளே பூஞ்சணம், எல்லாம் புகையாகத் தெரிந்தது. சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள். காலைச் சாப்பாடு பத்து மணிக்குத்தான், ரொட்டி ஆறியிருந்தது. சப்பாத்து நனையும், மாற்று மேஸ் (காலுறை) அவசியம்.

அப்புறம், முன்பதிவு செய்யும்போதே சின்னக் குழுவாகக் கேளுங்கள். எங்களுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள், சிட்டு நாலு கம்பு தள்ளிப் போய்விட்டது, அதற்குப் பிறகு பக்கத்தில் வரவே இல்லை.