ஆடும் கிராங்க், அசையாத வாரண்டி

சைக்கிளுக்குப் பத்துக்கு ஏழு கொடுப்பேன். அதோடு வந்த கிராங்க் செற்றுக்கு, அதாவது பெடல் பூட்டும் இரண்டு கைகளுக்கும் முன் பற்சில்லுக்கும், பூச்சியம். கொழும்பிலுள்ள ஏஜென்டின் வாரண்டிப் பிரிவுக்கு, பூச்சியத்துக்குக் கீழே ஏதாவது இருந்தால் அதைக் கொடுக்கலாம். திருகோணமலை டவுனில் எனக்கு விற்ற கடைக்குப் புள்ளி போடுவதுதான் சிக்கல். காரணம் பிறகு வரும்.

27.5 அங்குலச் சில்லு, அலுமினியம் பிரேம், முன்னுக்கு மூன்று பின்னுக்கு ஏழு கியர். உவர்மலையிலிருந்து நிலாவெளிக்கு வேலைக்குப் போய்வர வாங்கினேன். ஒரு பக்கம் 15 கிலோமீற்றர் அளவில் வரும், பெரும்பாலும் சமதரை. ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியாப் பக்கத்துக் கிரவல் ரோட்டுக்கும் கொண்டுபோவேன். டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, சீற் இடுப்பைக் கொல்லவில்லை. முன் ஷொக் பெயருக்குத்தான் இருக்கிறது. இந்த விலைக்கு அதைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

குறை கிராங்கில். இடது கால் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சத்தம், முதல் கிழமையிலேயே தொடங்கிவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். "புதுசில அப்படித்தான் அண்ணா, இறுக்கினால் செற் ஆயிரும்" என்று கடைப் பெடியன் போல்ட்டை இறுக்கிவிட்டு, சேர்விஸ் அட்டையில் திகதி போட்டு 'இடது கிராங்க் லூஸ், இறுக்கப்பட்டது' என்று எழுதியும் தந்தான். அவன் சொன்னது பொய்யில்லை. சதுர முனையுள்ள அச்சில் ஏறும் கிராங்க், ஓடத் தொடங்கிய புதிதில் ஒருமுறை தளர்வது வழமை. ஆனால் இது சாம்பல்தீவு தாண்டுவதற்குள் மறுபடியும் ஆடியது.

பாலையூற்றில் எங்கள் வீட்டுச் சைக்கிள்களைப் பார்க்கும் பாஸிடம் தள்ளிக்கொண்டு போனேன். அம்மப்பாவின் பழைய றலி சைக்கிளுக்கு, கிராங்கை அச்சில் பிடித்து வைக்கும் கொட்டர் பின்னை அராவிப் போட்ட மனிதர். கியர் சைக்கிளைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் கை வைத்தால் விடமாட்டார். கிராங்கை இழுத்தெடுக்கும் புல்லர் போட்டு இரண்டு பக்கமும் கழற்றினார். அச்சின் சதுர முனை நுனியை நோக்கிக் கூம்பிப் போகும். கிராங்கின் ஓட்டைக்கும் அதே சாய்வு. போல்ட்டை முறுக்க முறுக்கக் கிராங்க் அந்தச் சாய்வில் ஏறி இறுக வேண்டும். நல்ல கிராங்க் முழுக்க இறுகின பிறகும் அச்சின் நுனி ஓட்டைக்குள்ளேயே நிற்கும்; போல்ட் உட்காரும் இடத்துக்கும் நுனிக்கும் நடுவே சில மில்லிமீற்றர் மிச்சமிருக்கும். வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கத்தில் நுனி போல்ட் உட்காரும் இடம் வரைக்கும் வந்துவிட்டது. போல்ட் கிராங்கை அழுத்தாமல் அச்சில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இறுக்குகிற ஆளுக்குக் கை நோகும், கிராங்குக்கு ஒன்றும் தெரியாது. "கண் பெருத்த மண்வெட்டிக்குப் பிடி போட்ட மாதிரி, தம்பி" என்றார்.

சதுர அச்சில் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரம்), ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரம்) என்று இரண்டு அளவு உண்டு. அச்சும் கிராங்கும் மாறிப்போனாலும் இப்படி ஆழமாக ஏறலாம். அதையும் பார்த்துவிடுவோம் என்று இடது கிராங்கை வலது முனையில் ஏற்றினார். அங்கேயும் நுனி வரை போனது. வலது கிராங்க் சரியாக நின்ற அதே முனை. ஆக அச்சில் பிழையில்லை, இடது கிராங்கின் ஓட்டையையே பெரிதாக அடித்திருக்கிறார்கள். அடிமட்டம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

வாரண்டி ஏஜென்டின் பொறுப்பு என்று கடையில் ஒரு வட்ஸ்அப் இலக்கம் தந்தார்கள். அட்டையில் ஆங்கிலமும் சிங்களமும் இருந்தன, தமிழில் ஒரு வரியில்லை. சரி, ஆங்கிலத்திலேயே எழுதினேன். வந்த பதில்: லூஸாக ஓடியதால் ஓட்டை தேய்ந்திருக்கிறது, தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது. இது பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். அச்சு உருக்கு, கிராங்க் அலுமினியம். ஆடவிட்டு ஓடினால் ஓட்டை பெருக்கத்தான் செய்யும். ஆனால் அப்படித் தின்ற ஓட்டையில் மூலை மழுங்கியிருக்கும். என் படங்களில் நான்கு மூலையும் கூராக இருந்தன. அதற்குப் பதில் இல்லை. பதிலாகக் கடற்கரை ஊர், உப்புக்காற்று என்றார்கள். உப்புக்காற்று செயினைத் துருப்பிடிக்க வைக்கும், போல்ட்டைக் கழற்ற முடியாமல் பண்ணும். ஓட்டையைப் பெருப்பிக்காது. பிறகு போனில் ஒருவர், "கிராங்கில் கம்பனிப் பிழை வராது சேர்" என்றார். ரேஸ் சைக்கிளுக்கான கிராங்க் ஒட்டு விட்டுப் பிரிகிறது என்று பெரிய சைக்கிள் பாகக் கம்பனியான ஷிமானோவே 2023 செப்டெம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 680,000 கிராங்குகளைச் சோதனைக்குத் திருப்பி அழைத்தது. என்னுடையது அந்த ரகமுமில்லை, அந்தக் கம்பனியுமில்லை. ஆனாலும் வராது என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும்.

கடைசியில் அவர்களை அசைத்தது சேர்விஸ் அட்டையில் பெடியன் எழுதிய அந்த ஒரு வரி. வாங்கிய கிழமையே லூஸ் என்று விற்ற கடையே எழுதியிருக்கும்போது தேய்மானக் கதை எடுபடாது. அவனே ஏஜென்டுக்கு அழைத்துச் சிங்களத்தில் கொஞ்சம் சூடாகவும் கதைத்தான். அதனால்தான் கடைக்குப் புள்ளி போடக் கஷ்டம் என்றேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன் என்று நானும் ஒரு மெசேஜ் போட்டேன். அங்கே முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஏஜென்டின் "பார்க்கிறோம் சேர்" எல்லாம் தின்பது அந்த மூன்று மாதத்தைத்தான்.

பஸ் பார்சலில் இடது கிராங்க் வந்தது. பாஸ் பின்பக்கத்தைத் திருப்பி நீளத்தைப் பார்த்தார்: 175 மில்லிமீற்றர். என் வலது கிராங்க் 170. கண்ணுக்குத் தெரியாத 5 மில்லிமீற்றர், நிலாவெளி போய்வந்தால் முழங்காலுக்குத் தெரியும். திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை தனி இடது கிராங்க் இல்லையாம், முழுச் செற்றும் வந்தது. அதை ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் இரவல் வாங்கி 40 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினோம். இந்தப் போல்ட்டுக்கு 35 முதல் 50 வரை போகலாம். இப்போது சத்தமில்லை.

அதே மொடல் இன்னும் கடையில் தொங்குகிறது. வாங்குவதானால் காசு கொடுக்க முன் இடது போல்ட்டைக் கழற்றச் சொல்லி, அச்சு நுனி உள்ளே நிற்கிறதா என்று பாருங்கள். பெடியன் மறுக்க மாட்டான், அவனுக்கு இப்போது பழக்கம். நான் கட்டிய பார்சல் காசைக் கேட்டு ஏஜென்டுக்கு அனுப்பிய மெசேஜில் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.