லைட் பாக்ஸா, திரை டேப்லெட்டா?

கையால் வரையும் அனிமேஷனில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படம் வரைந்தாக வேண்டும். அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் தாள் வைத்து வரைவதா, திரைமேலேயே பேனாவால் வரையும் திரை டேப்லெட்டில் வரைவதா என்ற பேச்சு வந்தால் முதலில் வேகத்தைத்தான் சொல்வார்கள். அதில் டேப்லெட்டுக்கே வெற்றி. ஸ்கேன் செய்யும் வேலை இல்லை, வண்ணம் ஒரே தொடுதலில் நிரம்பிவிடுகிறது. ஓப்பன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருள் 2016 முதல் இலவசமாகக் கிடைப்பதால் மென்பொருள் விலையையும் சாக்காகச் சொல்ல முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: முந்தைய படத்தை எப்படிப் பார்க்கிறோம்? தாள்கள் நகராமல் பிடித்துக்கொள்ளும் முளைகள் கொண்ட பெக் பாரில் மாட்டிய நான்கைந்து தாள்களை விரலிடுக்குகளில் பிடித்து முன்னும் பின்னும் புரட்டினால் அசைவு எங்கே தடுக்குகிறது என்று அப்போதே கண்ணை உறுத்தும். டேப்லெட்டில் ஆனியன் ஸ்கின் என்ற வசதி முந்தைய, பிந்தைய படங்களை மங்கலாகக் காட்டுகிறது. கோடு எங்கே இருக்கிறது என்பது தெரியும், எப்படி நகர்கிறது என்பது தெரியாது. அதை நம்பி வரைபவர் இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் மூன்றாவதைப் போட்டுவிடுவார். தலை திரும்பும் காட்சியில் இப்படிச் செய்தால் முகம் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். நடுப்படத்தில் மோவாய் சற்றே தாழ்ந்து, வளைவாகச் சென்றால்தான் கழுத்து என்று ஒன்று இருப்பது தெரியும். மென்பொருளிலும் விசையைத் தட்டித் தட்டிப் புரட்டலாம்தான். தட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோட்டின் தன்மையும் மாறுகிறது. நீலப் பென்சிலில் மெலிதாக உருவத்தைத் தேடி, பிறகு கருப்பில் அழுத்துவது பழைய வழக்கம். தாளின் சொரசொரப்பு முனையைப் பிடித்து நிறுத்தும். கண்ணாடியில் பேனா வழுக்கும். அதற்கு மருந்தாக, கோட்டை மென்பொருளே சீராக்கித் தரும் ஸ்டெபிலைசரைக் கூட்டினால் நடுக்கம் போகும், கூடவே கோட்டின் உயிரும் போகும். 1961-இல் வெளிவந்த டிஸ்னியின் டால்மேஷியன் நாய்கள் படத்தில் ஜெராக்ஸ் முறையில் பென்சில் கோடுகளையே செல்லுலாய்டு தாளுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பு மை தீட்டுவோர் அவற்றின் மேல் மறுபடி வரைந்து மழமழப்பாக்கிவிடுவார்கள். அந்தப் பென்சில் கோட்டின் சொரசொரப்பை இன்றைக்கு மென்பொருள் பிரஷ்கள் போலியாகச் செய்துகாட்டுகின்றன!

நீண்ட காட்சி, கெடு நெருங்கிய வேலை என்றால் டேப்லெட்டையே எடுப்பேன். பாத்திரம் நடப்பதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வரையும் நடைச் சுழற்சியை முதன்முதலாகப் பழகுகிறவருக்குத் தாளைத்தான் கொடுப்பேன். டேப்லெட் மட்டுமே உள்ளவர் ஆனியன் ஸ்கின்னை அணைத்துவிட்டு, விசையைத் தட்டிப் புரட்டியபடி ஒரு தலைத் திருப்பத்தை வரைந்து பார்க்கட்டும்.